தூக்கிப் பார்த்தால் தெரியாத பாரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மாதனூரில் நெடுஞ்சாலையோர டீக்கடை எதிலாவது உட்கார்ந்தால் ஒரு சடங்கைப் பார்க்கலாம். வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் போகும் சைக்கிள்காரர்கள் வந்து நிறுத்துவார்கள். வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, டீ ஆறுவதற்குள், ஒருவர் இன்னொருவருடைய சைக்கிளின் பாருக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பார்.

"எவ்ளோ ப்ரோ, எட்டரை இருக்குமா?"

"எட்டு இருநூறு."

கேட்டவர் பெருமூச்சு விடுவார். அவருடையது பத்தரை கிலோ. அடுத்த போனஸ் எங்கே போகப்போகிறது என்பது அந்த நிமிடமே முடிவாகிவிடும். அவர் போட்டிருக்கும் விண்ட்சீட்டரோ ஜிப் திறந்து, இரண்டு பக்கமும் லாரித் தார்ப்பாய் மாதிரி அடித்துக்கொண்டிருக்கும். பள்ளிகொண்டாவிலிருந்து அப்படியேதான் வந்திருப்பார். ஜிப்பைப் போடச் சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் நாப்பதுல போறவங்களுக்குண்ணா. நாம உருட்டுற இருபத்தஞ்சுக்கு ஏரோ எதுக்கு?" என்பார். சுற்றி நிற்கிற நாலு தலையும் ஆமோதித்து ஆடும்.

சைக்கிள் கடைக்காரர் இதைத்தான் சொல்கிறார், அனுபவசாலிகள் இதைத்தான் சொல்கிறார்கள், புதிதாக வருகிறவர்களும் இதையே மனப்பாடம் செய்கிறார்கள். காற்றைக் கிழிக்கும் ஹெல்மெட்டும் உடம்போடு ஒட்டிய உடுப்பும் பந்தய வீரர்கள் சமாச்சாரம், நமக்குக் கனமில்லாத சைக்கிள் போதும் என்பதுதான் ஊர் வழக்கு. அது தப்பு. அதில் சரியான சில இடங்கள் உண்டு, அவற்றை ஒப்புக்கொள்ளவும் போகிறேன். ஆனால் மையமான கூற்று தலைகீழாக நிற்கிறது.

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் சைக்கிளுக்குக் கட்டணம் கிடையாது. அங்கே வாங்காததையும் சேர்த்துக் காற்று வாங்கிவிடுகிறது. 1899 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் லாங் ஐலண்டில் சார்லஸ் மர்ஃபி என்பவர், ஓடுகிற ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால், தண்டவாளங்களுக்கு நடுவே பலகை பரப்பி, ஒரு மைல் தூரத்தை 57.8 விநாடியில் மிதித்தார். மணிக்கு நூறு கிலோமீட்டர்! பெட்டியின் பின்புறத்தில் மறைப்புக் கட்டிக் காற்றைத் தடுத்திருந்தார்கள், அவ்வளவுதான் ஏற்பாடு. 2018-ல் டெனிஸ் முல்லர்-கோரெனெக் என்ற பெண்மணி, பான்வில் உப்புவெளியில் பந்தயக் கார் ஒன்றின் மறைப்புக்குப் பின்னால் மணிக்கு ஏறத்தாழ 296 கிலோமீட்டர் தொட்டார். மனிதக் கால் கொடுக்கிற சக்தியில் இவ்வளவு வேகம் அடங்கியிருக்கிறது. எதிரே நிற்கும் காற்றை விலக்கிவிட்டால் அது வெளியே வருகிறது. சைக்கிளின் எடையைச் சுழியமாக்கினாலும் சமதளத்தில் இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

'அது நூறில், முந்நூறில். நான் இருபத்தைந்தில் போகிறேன்' என்பீர்கள். இருபத்தைந்தையே எடுத்துக்கொள்வோம். 75 கிலோ ஆள், 10 கிலோ சைக்கிள், சுமாரான டயர், கொஞ்சம் தொளதொளத்த டீஷர்ட். நம் பக்கத்துச் சூட்டில் காற்று சற்று லேசு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். சமதளத்தில் அந்த ஆளைப் பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 16 நியூட்டன். டயர் உருள்வதில் போவது 5, மீதி 11 காற்று. இருபத்தைந்திலேயே மூன்றில் இரண்டு பங்கு காற்றுக்குத்தான் கப்பம் கட்டுகிறோம்.

இப்போது அந்தக் காற்றுத் தடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைப்போம். அது பெரிய கனவு இல்லை. ஹேண்டில்பாரின் மேல்பிடியிலிருந்து கீழ்வளைவுக்குக் கையை இறக்கி, முழங்கையை மடக்கினாலே அதையொட்டி வந்துவிடும். அதே 110 வாட் மிதிப்பில் வேகம் 25-லிருந்து 25.8 ஆகும். நாற்பது கிலோமீட்டரில் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். அதே பத்தில் ஒரு பங்கை நாற்பதில் பறக்கிற வீரருக்குக் கொடுங்கள். 41.3-க்குப் போவார், அதே நாற்பது கிலோமீட்டரில் அவருக்கு மிஞ்சுவது இரண்டு நிமிடம்கூட முழுசாக இல்லை.

மெதுவாகப் போகிறவருக்கு மூன்று, வேகமாகப் போகிறவருக்கு இரண்டு. ஊர் வழக்கு எங்கே தலைகீழாகிறது என்பது இங்கேதான் தெரிகிறது. வேகக்காரரிடம் காற்று ஒவ்வொரு விநாடிக்கும் அதிகம் பிடுங்குகிறது, உண்மைதான். ஆனால் அவர் ஒரு மணி நேரத்தில் வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறார். நீங்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அதே காற்றில் நிற்கிறீர்கள். தினத்தவணைக்காரனிடம் தொகை சிறிதாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது, எத்தனை நாள் கட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும்.

பிழை எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஹெல்மெட் கம்பெனிகள் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து 'இத்தனை வாட் மிச்சம்' என்று அட்டையில் போடுகின்றன. அந்தச் சோதனை பெரும்பாலும் மணிக்கு 45 கிலோமீட்டர் காற்றில் நடப்பது. வாட் கணக்கு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், ஆகவே பாதி வேகத்தில் மிச்சம் எட்டில் ஒன்றாகச் சுருங்கிவிடும். இதைப் படித்தவர், 'பார்த்தீங்களா, நமக்கு ஒண்ணுமே மிஞ்சாது' என்று அங்கேயே நிறுத்திக்கொண்டார். வாட்டை வைத்து யாரும் வீட்டுக்குப் போவதில்லை. கடிகாரத்தைப் பார்த்திருந்தால் இந்த வழக்கே பிறந்திருக்காது.

அட்டையில் இன்னொன்றும் விட்டுப்போகிறது. சைக்கிளின் மீட்டர் சாலை வேகத்தைத்தான் காட்டும். காற்று சாலையைப் பார்ப்பதில்லை. ஆடி மாதம் மாதனூரிலிருந்து ஆம்பூருக்கு மிதித்தவர்களைக் கேளுங்கள். பாலாற்றுப் பள்ளத்தாக்கில் தென்மேற்கே முகம் வைத்துப் போகும்போது, மேற்கிலிருந்து வரும் காற்று நேரே மார்பில் விழும். மீட்டரில் பதினெட்டு, எதிர்க்காற்று பதினைந்து என்றால் உங்கள் சட்டைக்கு நீங்கள் முப்பத்து மூன்றில் போகிறீர்கள். அந்த நாளில் 'ஏரோ நாப்பதுல போறவனுக்கு' என்று சொல்வதற்கு மூச்சும் மிச்சமிருக்காது. திரும்பி வரும்போது பின்காற்று தள்ளிக் கணக்கை நேர்செய்துவிடும் என்பது ஆறுதலுக்குச் சொல்வது. எதிர்க்காற்றில் கழியும் நேரம் அதிகம், பின்காற்றில் கழியும் நேரம் குறைவு. நேர்செய்யவே செய்யாது.

எடைக்கு வருவோம். அதே ஆள், அதே இருபத்தைந்து, சமதளம். சைக்கிளில் ஒரு முழுக் கிலோ குறைத்தால் நாற்பது கிலோமீட்டரில் மிஞ்சுவது சுமார் ஒன்பது விநாடி. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துத் திரும்ப மாட்டுவதற்கே அதற்கு மேல் ஆகிறது. அந்த ஒரு கிலோவுக்காகப் பத்தாயிரக்கணக்கில் கொட்டத் தயாராக இருப்பவர், ஒரு ஜிப்பை மேலே இழுக்கத் தயங்குகிறார். காரணம் எளியது. எடையை விரல் உணரும். டீக்கடையில் தூக்கிக் காட்டலாம், பெருமைப்படலாம். காற்றைத் தூக்கிப் பார்க்க முடியாது.

ஏலகிரி ஏறுகிறவர்கள் இங்கே கோபித்துக்கொள்வார்கள், அவர்கள் கோபம் நியாயம். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் சூட்டிய அந்தப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் பத்தையொட்டித் தவழும்போது காற்று ஏறக்குறைய விலகி நிற்கிறது, புவியீர்ப்புதான் வசூல் செய்கிறது. அரை கிலோமீட்டர் உயரம் ஏற ஒவ்வொரு கிலோவுக்கும் 4900 ஜூல் செலவு. 150 வாட் மிதிப்பவருக்கு அது அரை நிமிடம். மலையேறுகிறவர் எடையைப் பார்க்கட்டும். ஆனால் அந்தக் கிலோ சைக்கிளிலிருந்து குறைந்தால் என்ன, இடுப்பிலிருந்து குறைந்தால் என்ன, மலைக்கு இரண்டும் ஒன்றுதான். இடுப்பிலிருந்து குறைவதற்குக் காசு வேண்டியதில்லை. மேலும், வேலூரிலிருந்து ஆம்பூர் வரை எங்கே ஐயா இருக்கிறது ஏலகிரி?

பந்தய உலகமே இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் கற்றது. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று 2000-த்தில் கோடு கிழித்தது. கம்பெனிகள் அந்தக் கோட்டைத் தொட்ட பிறகு இறங்க இடமில்லை, காற்றின் பக்கம் திரும்பினார்கள். ஆனால் சான்று அதற்கு முன்பே கண்ணெதிரே இருந்தது. இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன் 1996-ல் மான்செஸ்டர் ஓடுதளத்தில் கைகளை முன்னே நீட்டி, வால் நீண்ட ஹெல்மெட்டோடு ஒரு மணி நேரத்தில் 56.375 கிலோமீட்டர் போனார். சம்மேளனம் அப்படி உட்காரும் நிலையைத் தடை செய்தது. எடி மெர்க்ஸ் 1972-ல் இதே ஒரு மணி நேரச் சாதனைக்கு ஓட்டியது போன்ற சைக்கிளில் செய்தால்தான் சாதனை என்று விதி வந்தது. வளைந்த ஹேண்டில்பார், கம்பிச் சக்கரம், ஏரோ ஹெல்மெட் கூடாது. 2000-த்தில் அதே போர்ட்மன் அதே மான்செஸ்டரில் அந்த விதிப்படி ஓட்டினார். 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸைவிடப் பத்து மீட்டர் அதிகம், தன்னைவிட ஏழு கிலோமீட்டர் குறைவு. நான்கு வயது கூடியிருந்தது, ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார், எல்லாம் சரி. ஆனாலும் ஏழு கிலோமீட்டரை நான்கு வயது தின்றுவிடாது.

இந்த இடத்தில் என் பக்கத்து ஆட்களே எனக்குத் தொல்லை கொடுக்கிறார்கள். 'அப்போ முப்பதாயிரத்துக்கு ஒரு ஏரோ ஹெல்மெட் வாங்கிடலாம்ல?' என்று ஓடி வருகிறவர்கள். அவர்கள் கையில் எப்போதும் 1989 டூர் டி ஃபிரான்ஸ் கதை இருக்கும். கடைசி நாள், வெர்சாய் முதல் பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர் தனியோட்டம், கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். நீள்கைப்பிடி, ஏரோ ஹெல்மெட்டோடு மணிக்கு 54.5 கிலோமீட்டர் சராசரியில் ஓட்டி, லாரன் ஃபின்யோனை 8 விநாடியில் வென்றார். ஃபின்யோன் வெறுந்தலை, முதுகில் குதிரைவால் சடை. கதை நல்ல கதை. ஆனால் வெற்றியை ஹெல்மெட் கணக்கில் முழுக்க எழுதிவைப்பது வியாபாரம். கைகளை ஒடுக்கிய அந்த நீள்கைப்பிடிக்குத்தான் பெரும்பங்கு போக வேண்டும். ஃபின்யோனுக்கோ அன்று உட்காரவே முடியாத அளவுக்கு இருக்கைப் புண்.

ஹெல்மெட் தலையை மட்டும் பார்த்துச் செய்யப்படுவதில்லை, தலைக்குப் பின்னால் இருக்கும் தோளையும் முதுகையும் பார்த்துச் செய்யப்படுகிறது. 2024 மார்ச்சில் இத்தாலியின் திர்ரேனோ-அத்ரியாட்டிகோ போட்டியில் விஸ்மா அணியினர் பானையைக் கவிழ்த்தது போன்ற ஒன்றை அணிந்து வந்தபோது உலகமே சிரித்தது. தலைக்கும் தோளுக்கும் நடுவே காற்று புகுந்து சுழலும் பள்ளத்தை மறைப்பதுதான் அந்தப் பானையின் வேலை. கழுத்தை ஒரே நிலையில் பிடித்துப் பழகியவர்களுக்கு அது உதவும். நம்மவர் பத்து நிமிடத்தில் களைத்துச் சாலையைக் குனிந்து பார்ப்பார், நீண்ட வால் வானத்தைப் பார்க்கும், மிச்சமெல்லாம் போய்விடும். மே மாத வேலூர் வெயிலில் துளை குறைந்த ஹெல்மெட்டை மாட்டுவது அதற்கு மேல். துளை நிறைந்த, தலையில் ஆடாமல் உட்காரும், தரச்சான்று உள்ள சாதாரண ஹெல்மெட் போதும். அது விழுந்தால் காப்பதற்கு. அந்த வேலையில் மட்டும் சமரசம் வேண்டாம். வீரர்களுக்கே ஹெல்மெட் கட்டாயமானது 2003-ல், பாரிஸ்-நீஸ் போட்டியில் ஆந்த்ரே கிவிலேவ் விழுந்து இறந்த பிறகுதான்.

அதற்கு வெகுகாலம் முந்தைய பந்தயக்காரர்களின் தலையில் இருந்தது எது தெரியுமா? தோல். பஞ்சு அடைத்த தோல் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் தைத்த கூண்டு. நுரை வைத்த பெல் பைக்கர் 1975-ல் வருகிற வரைக்கும், அதற்குப் பிறகும் கொஞ்ச காலம், அதுதான் தலைக்கவசம். பந்தய ஜட்டியில் உட்காரும் இடத்துக்கு வைத்துத் தைத்ததும் பதப்படுத்திய மெல்லிய தோல். இன்று அது செயற்கைப் பஞ்சாகிவிட்டது, பெயர் மட்டும் இன்னும் 'ஷாமி', அதாவது தோல். நம் ஊர்ச் சரக்கான தோலுக்கும் இந்த விளையாட்டுக்கும் உறவு பழசு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உடுப்பைப் பற்றி நான் சொல்லப்போவதை மாதனூர், ஆம்பூர்க்காரருக்கு விளக்க வேண்டியதே இல்லை. ஷூ கம்பெனியில் லாஸ்டிங்கில் நின்றவர்களுக்குத் தெரியும். அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத் தோலை, லாஸ்ட் என்னும் கால் அச்சில் ஏற்றி இழுக்கும்போது எங்காவது ஒரு மடிப்பு விழுந்தால் அந்த ஜோடி க்யூ.சி.யைத் தாண்டாது. தோல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சரி, லாஸ்டோடு ஒட்டாவிட்டால் அது ஷூ இல்லை.

சைக்கிள் சட்டையும் அப்படித்தான். சைக்கிளும் ஆளுமாகச் சந்திக்கும் காற்றுத் தடையில் முக்கால்வாசிப் பக்கம் ஆளுடையது. அந்த ஆள் மேல் ஒரு துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால், அந்தச் சத்தம் முழுவதும் உங்கள் காலிலிருந்து போன சக்தி. தோளில், அக்குளில், முதுகில் மடிப்பு விழாத சட்டை வேண்டும், பிராண்டு எதுவானாலும் சரி. விலையுயர்ந்த பந்தய உடுப்புகளில் கைப்பக்கத் துணியை வரிவரியாக, சொரசொரப்பாக நெய்திருப்பார்கள். கிரிக்கெட் பந்தின் தையல் காற்றைக் கலைப்பது போல அதுவும் கலைத்து, பின்னால் உருவாகும் வெற்றிடத்தைச் சுருக்கும். இது குறிப்பிட்ட வேகத்துக்கு மேல்தான் வேலை செய்யும். இருபத்தைந்தில் அதற்குக் காசு கொடுப்பது வீண். 'ஏரோ வேகக்காரனுக்கு' என்ற பழைய வாதம் முழுசாகச் செல்லுபடியாகும் ஒரே இடம் இதுதான். அதை நான் தாராளமாக விட்டுத்தருகிறேன்.

ஒட்டிய உடுப்பு என்றதும் இன்னொரு மறுப்பு வரும். அதற்குக் காற்றியல் பதில் போதாது. பந்தய உடுப்பில் மாதனூர்க் கடைத்தெருவில் இறங்கி டீ குடிக்க ஆண்களுக்கே கூச்சம். பெண்களுக்கு அதைச் சிபாரிசு செய்கிறவர் இந்த ஊரில் வாழாதவர். ஆனால் உடம்பைக் காட்டுவதும் துணி படபடக்காமல் பார்த்துக்கொள்வதும் வேறு வேறு. தமிழக அரசின் இலவச சைக்கிள் திட்டம் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிப் பிறகு விரிந்தது. அந்தச் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பெண்களைப் பாருங்கள். துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்திருப்பார்கள், அல்லது சுடிதார் மேல் கோட்டு போட்டிருப்பார்கள். சக்கரத்தில் சிக்கக் கூடாது என்பதற்காகச் செய்வது, காற்றுக்கும் சேர்த்து உதவுகிறது. எங்கள் தாத்தாக்கள் பேண்ட் காலில் கிளிப் மாட்டினதும், லுங்கியை இறுக்கி மடித்துக் கட்டினதும் அதே கணக்குத்தான். யாரும் அதை ஏரோ என்று சொல்லி விற்கவில்லை.

ஷிப்டுக்குப் போகிறவரின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். கனமான பழைய சைக்கிள், நிமிர்ந்த முதுகு, மணிக்கு பதினெட்டு. அவ்வளவு மெதுவிலும் தடையில் சரிபாதி காற்று. அவருக்கு நிமிடம் முக்கியமில்லை, வியர்க்காமல் கம்பெனி கேட்டைத் தொட வேண்டும். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, எதிர்க்காற்றில் மட்டும் கொஞ்சம் குனிந்தால் அதே நேரத்தில் குறைந்த மூச்சோடு சேர்வார். டயரில் காற்று இறங்கியிருந்தால் முதலில் அதைப் பார்க்கட்டும், அவருடைய மீதிப் பாதி அங்கே போகிறது.

வெப்பத்தைச் சொல்லி மறுப்பவர்களை மதிக்கிறேன். தொளதொளத்த பருத்திச் சட்டைக்குள் காற்று புகுந்து குளிர்விக்கும், நிஜம். ஆனால் அரை மணி நேரத்தில் அது நனைந்து கனத்து முதுகில் தொங்கும். மெல்லிய ஜெர்சி வியர்வையை இழுத்து வெளியே உலர்த்தும். நண்பகலில் ஓட்டுகிறவருக்கு எது போட்டாலும் சூடுதான்.

நான் புது ஜெர்சி வாங்கவில்லை. பழையதையே போன மாதம் ஆம்பூரில் ஒரு தையல்காரரிடம் கொடுத்து, பக்கவாட்டில் இரண்டு விரல், கையில் ஒரு விரல் பிடிக்கச் சொன்னேன். சாக்பீஸை எடுத்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "புடிச்சுத் தரேன் சார். ஆனா இங்க வர்றதே பிரியாணிக்குத்தானே, சாப்ட்டு வந்து அளவு குடுங்க."